கேரம் பழக வருகிறவர்களுக்கு

ஒரு வெள்ளைக் காயைக் குழியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். குழிக்கும் காய்க்கும் நேராக ஸ்ட்ரைக்கரை வைத்து ஓங்கி அடியுங்கள். காய் உள்ளே விழும். அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழும். இப்போது அதே காயை அதே இடத்தில் வைத்து, குழியின் வாய் வரை போனால் போதும் என்கிற அளவுக்கு மெல்லச் சுண்டுங்கள். காய் விழுந்துவிடும், ஸ்ட்ரைக்கர் இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றுவிடும்.

கேரம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காயின் எடை 5 முதல் 5.5 கிராம். மூன்று மடங்கு கனமான பொருள் இலேசான ஒன்றின் மேல் நேராக மோதினால், மோதிய இடத்திலேயே நின்றுவிடாது. மிச்ச வேகத்தோடு முன்னால் போகும். அடி பலமாக இருந்தால் அந்த மிச்சமும் அதிகம். சிறு வயதில் விடுமுறை நாட்களில் ஆடும்போது நாமெல்லாம் பலத்தைத்தான் நம்பினோம். அந்தப் பழக்கத்தை விட்டாலே பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும். அதற்கு வயது தடையில்லை. நாற்பதிலும் தொடங்கலாம், அறுபதிலும் தொடங்கலாம்.

போர்டு வாங்கும் முன்

விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும் சின்ன போர்டுகள் குழந்தைகளுக்குச் சரி. பழக நினைக்கிற பெரியவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சின்ன போர்டில் தூரமும் கோணமும் வேறாக இருக்கும். அங்கே பழகிய கை பெரிய போர்டில் தடுமாறும். போட்டி போர்டின் ஆடுகளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரையுள்ள சதுரம். சுற்றிலும் இருக்கும் கட்டையையும் சேர்த்தால் ஏறக்குறைய 34, 35 அங்குலம் வரும். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். பலகை 8 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் எவ்வளவு தடிமன் என்பது உங்கள் பணத்தையும், அதைத் தூக்கி வைக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

கடையில் பார்க்கும்போது பளபளப்பில் மயங்க வேண்டாம். ஒரு நீளமான ஸ்கேலையோ இழுத்துப் பிடித்த நூலையோ மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கொஞ்சம் பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை நேராக எதிர்க்கட்டைக்கு நன்றாக அடியுங்கள். நல்ல போர்டில் அது போர்டின் நீளத்தைப் போல குறைந்தது மூன்றரை மடங்கு தூரம் போய்வர வேண்டும். இதுவும் விதியில் உள்ள அளவுதான். நான்கு பக்கக் கட்டையிலும் இப்படி அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 'தொப்' என்று மந்தமாகத் திரும்பினால், அந்தக் கட்டை பலகையோடு சரியாக ஒட்டவில்லை. வேறு போர்டைப் பாருங்கள்.

நான் வாங்கிய முதல் போர்டு ஒரே மழைக்காலத்தில் வளைந்துவிட்டது. பலகையில் குறை இல்லை. ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். போர்டைச் சுவரில் சாய்க்காமல் கட்டில் மேலோ மேசை மேலோ சமமாகப் படுக்க வையுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க இடமிருக்கிறது என்றால், சாய்வில்லாமல் செங்குத்தாக, ஈரமில்லாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

பவுடர் விஷயத்தில் சிக்கனம் பார்த்து முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டாதீர்கள். அது காற்றின் ஈரத்தோடும் கைவேர்வையோடும் சேர்ந்து படலமாகப் படியும், காய் நகராது. கேரமுக்கு என்று விற்கும் மென்மையான போரிக் பவுடர்தான் வேண்டும். ஒரு சிட்டிகையை இலேசாகத் தூவி, மெல்லிய பருத்தித் துணியால் பரப்பினால் போதும். போர்டு வெள்ளையாகத் தெரிந்தால் பவுடர் அதிகம். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். ஆடி முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் முறுக்கு, சுண்டல் எல்லாம். டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

விளக்கு போர்டின் நடுவுக்கு நேர் மேலே தொங்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் காயின் நிழல் கண்ணை ஏமாற்றும். மழைக்காலத்தில் பழைய குண்டு பல்புக்கு இன்னொரு பயன் உண்டு. அதன் சூடு போர்டை உலர்த்தும். எல்இடி விளக்கில் அந்தச் சூடு கிடைக்காது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே குண்டு பல்பைப் போட்டுவைக்கும் வழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.

விரல்

இதைத்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதை ஒரே நாளில் தாண்டிவிட்டு, பிறகு வருடக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கட்டும். ஆடாத விரல்களின் நுனிகள் போர்டின் மேல் பட்டும் படாமலும் ஊன்றியிருக்கட்டும். கை அந்தரத்தில் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் உயரம் மாறும். சுண்டும் விரலின் நகம் ஸ்ட்ரைக்கரைத் தொடும் அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். இடைவெளி விட்டு வீசி அடித்தால் ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியாது, விரலும் வலிக்கும்.

எந்த விரல் என்பதில் மூன்று பழக்கங்கள் உண்டு. ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலில் தடுத்து வைத்து விடுவிப்பது ஒன்று. பலருக்குச் சிறுவயதிலிருந்தே வருவது இதுதான். ஆள்காட்டி விரலை நடுவிரலின் மேல் கத்தரிக்கோல் போல மாட்டி நழுவவிடுவது இன்னொன்று. இதில் வேகம் நன்றாகக் கிடைக்கும். மூன்றாவது, எந்தத் தடுப்பும் இல்லாமல் நடுவிரலையோ ஆள்காட்டி விரலையோ நேராக நீட்டி மெல்லத் தட்டுவது. என் அனுபவத்தில் புதியவர்களுக்கு மூன்றாவதுதான் நல்லது. அதில் பலம் காட்டவே முடியாது, அதனால் குறி சீக்கிரம் படியும். வேகம் தேவைப்படும்போது கத்தரிப் பிடியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எதுவானாலும் சுண்டத்தான் வேண்டும். விரலோடு ஸ்ட்ரைக்கரைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போவது தவறான அடி.

முதல் வாரம் காய்களை டப்பாவிலேயே விடுங்கள். ஸ்ட்ரைக்கரை மட்டும் வைத்துப் பழகுங்கள். உங்கள் பக்கத்தில் ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கும் கோட்டிலிருந்து எதிர்க்கட்டைக்கு அடித்து, அது திரும்பி வந்து உங்கள் கோட்டிலேயே நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அப்புறம் எதிர்க்கட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி. அப்புறம் நடு வட்டத்தில் போய் நிற்கிற மாதிரி. கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் வேகத்தை விரல் தானாக அளக்கக் கற்றுக்கொள்வது இங்கேதான். நகத்தின் ஓரம் இரண்டு மூன்று நாள் எரியும், பிறகு பழகிவிடும்.

இரண்டாம் வாரம் ஒரே ஒரு காய். எதிர்ப்பக்கத்து இரண்டு குழிகளுக்கும் நேரான அடிகள் மட்டும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சோதனைதான் பாடம்: காய் விழ வேண்டும், ஸ்ட்ரைக்கர் விழக் கூடாது. பத்துக்கு எட்டு முறை அப்படி வரும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

கட் அடிப்பது

காய், குழி, ஸ்ட்ரைக்கர் மூன்றும் ஒரே கோட்டில் அமைவது அபூர்வம். பெரும்பாலும் காயின் பக்கவாட்டில் தொட்டுத் திருப்ப வேண்டியிருக்கும். இதைத்தான் கட் என்கிறோம். 'பார்த்துப் பார்த்துப் பழகினால் வரும்' என்று சொல்லிவிடுவார்கள். வரும்தான், ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பழகினால் பல மாதங்கள் மிச்சமாகும்.

குழியின் நடுவிலிருந்து காயின் நடு வழியாக ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு காயின் மறுபக்கத்தில் வெளியே வரும் இடத்தில், காயை ஒட்டி இன்னொரு ஸ்ட்ரைக்கர் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். மோதும் நொடியில் உங்கள் ஸ்ட்ரைக்கர் அந்தக் கற்பனை ஸ்ட்ரைக்கரின் இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். மோதும்போது இரண்டின் நடுவையும் இணைக்கும் கோடு எந்தத் திசையோ, காய் அந்தத் திசையில்தான் போகும். புதியவர்கள் செய்யும் தவறு, காயைப் பார்த்துக் குறி வைப்பது. காயைப் பார்த்து அடித்தால் எப்போதும் கொஞ்சம் தடிப்பாகவே, அதாவது வேண்டியதைவிடக் காயின் நடுவை ஒட்டியே படும். கற்பனை ஸ்ட்ரைக்கரின் நடுவைப் பார்த்து அடியுங்கள்.

இதைப் பழக ஒரு வழி: இன்னொரு ஸ்ட்ரைக்கர் இருந்தால் அதை உண்மையாகவே அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இடத்தை மனதில் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டு அடியுங்கள். பத்து நாளில் அதை வைக்காமலேயே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். முதன்முதலாக அது தெரிகிற மாலையை நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

உங்கள் கோட்டுக்குப் பின்னால், உங்கள் பக்கத்துக் குழிக்கு அருகே கிடக்கும் காய்களுக்கு வேறு வழிகள் உண்டு. எதிர்க்கட்டையில் மோதித் திரும்பும் ரீபவுண்டு ஒன்று. கட்டைவிரலால் பின்பக்கமாக அடிப்பது இன்னொன்று. ரீபவுண்டில் போன கோணமும் வருகிற கோணமும் ஏறக்குறைய சமம். ஆனால் கட்டையின் உரசலில் சிறிது மாறும், அந்த மாற்றம் போர்டுக்குப் போர்டு வேறு. எனவே புது இடத்துக்கு ஆடப் போனால், ஆட்டத்துக்கு முன் நாலைந்து ரீபவுண்டு அடித்துப் பார்த்துவிடுங்கள். கட்டைவிரல் அடியை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விதிகள், சுருக்கமாக

வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு ராணி 1. ராணி நடுவில். அதைச் சுற்றி ஆறு காய்கள், வெள்ளையும் கருப்பும் மாறி மாறி. அதற்கு வெளியே பன்னிரண்டு, அதேபோல மாறி மாறி. உள் வட்டத்து மூன்று வெள்ளைகளும் அவற்றின் பின்னாலுள்ள வெள்ளைகளும் சேர்ந்து ஆங்கில ஒய் எழுத்துப்போலத் தெரிய வேண்டும். முதலில் அடிப்பவருக்கு வெள்ளை.

ஸ்ட்ரைக்கர் உங்கள் பக்கத்து இரண்டு கோடுகளையும் தொட்டபடி இருக்க வேண்டும். கோட்டின் ஓரத்தில் உள்ள சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தால் அதை முழுதாக மூட வேண்டும். இல்லையென்றால் அதைத் தொடவே கூடாது. வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். அதேபோல நாற்காலியிலிருந்து எழுவதும் அதை நகர்த்துவதும் கூடாது. ஒரு அடிக்கு 15 நொடி.

ஒவ்வொரு அடியிலும் உங்கள் காய் விழுந்துகொண்டே இருக்கும்வரை ஆட்டம் உங்களுடையது. எதிராளியின் காயைப் போட்டால் அது உள்ளேயே இருக்கும், உங்கள் ஆட்டம் போய்விடும். ஸ்ட்ரைக்கர் மட்டும் விழுந்தால் நீங்கள் ஏற்கெனவே போட்ட காய்களில் ஒன்று ஃபைன், ஆட்டமும் போகும். எதிராளி அந்தக் காயை எடுத்து நடு வட்டத்துக்குள் வைப்பார். காயோடு சேர்ந்து ஸ்ட்ரைக்கரும் விழுந்தால், விழுந்த காயும் ஃபைன் காயும் வெளியே வரும், ஆனால் நீங்கள் தொடர்ந்து ஆடலாம்.

ராணியைப் போட, அதற்கு முன் உங்கள் காய் ஒன்றாவது உள்ளே போயிருக்க வேண்டும். ராணி விழுந்த அடுத்த அடியில் உங்கள் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும். நாம் ஃபாலோ என்று சொல்வது இதைத்தான். ஃபாலோ தவறினால் ராணி நடுவுக்குத் திரும்பும். ஒரு சுற்று ஆட்டத்தையும் போர்டு என்றுதான் சொல்வோம். போர்டை முடித்தவருக்கு, எதிராளியிடம் மிச்சமுள்ள காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ராணியும் அவருடையது என்றால் மேலும் மூன்று. ஆனால் 22 புள்ளியை எட்டியவருக்கு அதற்குப் பிறகு ராணிக்குப் புள்ளி கிடையாது. முதலில் 25 எடுப்பவர் வெல்வார். யாரும் எடுக்காவிட்டால் 8 போர்டு முடிவில் முன்னணியில் இருப்பவர் வெல்வார்.

கருப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, சிவப்புக்கு ஐம்பது என்று வீட்டில் ஆடும் பாயின்ட் ஆட்டம் தனி. வீட்டுக்கு வீடு அந்தக் கணக்கு மாறும். நாலு பேர் சேர்ந்த மாலைக்கு அது அருமையான ஆட்டம். பழகுவதற்கு மட்டும் அது உதவாது, ஏனென்றால் கண்ணில் பட்ட காயையெல்லாம் போடலாம். எந்தக் காயை முதலில், எதை விட்டுவைப்பது என்ற யோசனையே வராது.

எதை முதலில்

ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கரை எடுத்து மறுபடி கோட்டில் வைக்கிறோம். அதனால் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்ற கவலை, அது குழியில் விழாதவரை, நமக்கு இல்லை. கவனிக்க வேண்டியது, அது போகிற வழியில் எந்தக் காயை இடித்துக் கலைக்கிறது என்பதை. உங்களுடைய காயை நல்ல இடத்துக்குத் தள்ளியதா, எதிராளியின் காயைக் குழிவாய்க்குக் கொண்டுபோய் விட்டதா? பலமாக அடிப்பதில் இரண்டாவது நஷ்டம் இது. ஸ்ட்ரைக்கர் நாலு கட்டையிலும் மோதித் திரிந்து, எதிராளிக்கு வழி திறந்துவிடும்.

குழிவாயில் தொங்கும் உங்கள் காயை அவசரப்பட்டுப் போடாதீர்கள். அது எங்கும் ஓடிவிடாது. பெரும்பாலும் எதிராளிக்கு அந்தக் குழியை அடைத்துக்கொண்டும் இருக்கும். ராணியை எடுக்கும்போது ஃபாலோ போட அந்தக் காய்தான் கைகொடுக்கும். முதலில் கட்டையோடு ஒட்டிக் கிடக்கும் காய், இரண்டு கருப்புக்கு நடுவே மாட்டிய காய் போன்றவற்றைக் கவனியுங்கள். போட முடியாவிட்டாலும், வேறொரு காயைப் போடுகிற அடியிலேயே அதைக் கொஞ்சம் தளர்த்திவிட முடியுமா என்று பாருங்கள்.

ராணியைச் சீக்கிரம் எடுப்பதா, காத்திருப்பதா? ஃபாலோவுக்கு நிச்சயமான காய் இருந்தால் உடனே எடுங்கள். இல்லாவிட்டால் தொட வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ராணி போர்டில் இருக்கும்போது உங்கள் கடைசிக் காயைப் போட்டுவிட்டால், அந்த போர்டை இழந்துவிடுவீர்கள். புதியவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். இரண்டு காய் மிச்சமிருக்கும்போதே ராணியின் கதையை முடித்துவிட வேண்டும்.

ஆட்கள் இருக்கும் இடம்

தனியாக மூன்று மாதம் பழகியபின் வெளியே போய் ஆடுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. குறிப்பாக வடசென்னையில் கேரம் ஒரு தெருவின் பெருமை. 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியில் வளர்ந்தவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையில் ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். பன்னாட்டு கேரம் கூட்டமைப்பே 1988-இல் சென்னையில்தான் தொடங்கியது. இவர்கள் ஆடுவதைக் காணொளியில் பாருங்கள், விழும் காயை விட்டுவிட்டு விரலை மட்டும் பாருங்கள். கை எவ்வளவு குறைவாக அசைகிறது என்பது தெரியும்.

மன்றமோ தெருமுனை போர்டோ, முதல் நாள் போனவுடன் 'நான் ஆடலாமா' என்று கேட்காதீர்கள். பல இடங்களில் தோற்றவர் எழுந்து இடம் விடுவதும், அடுத்தவர் வரிசைப்படி உட்காருவதும் வழக்கம். அந்த வரிசை எப்படிப் போகிறது என்று ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கிறவரின் கண்ணுக்கு எதிரே நிற்காதீர்கள், போர்டின் மேல் கை ஊன்றாதீர்கள், 'அந்தக் காயைப் போடுங்க அண்ணே' என்று யோசனை சொல்லாதீர்கள். ஸ்கோர் எழுத ஆள் தேவைப்பட்டால் நீங்கள் எழுத முன்வாருங்கள். எழுதுகிறவர் போர்டுக்கு மிக அருகில் உட்காரலாம். ஒவ்வொரு அடியையும், அதற்கு முன் ஆடுகிறவர் எங்கே பார்த்தார் என்பதையும் கவனிக்கலாம். இரண்டு மூன்று மாலை அப்படி எழுதினால், அவர்களே உங்களைப் பார்த்து நாற்காலியைக் காட்டுவார்கள். உங்கள் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப்பையில் கொண்டு போயிருங்கள். பழகிய கைக்கு இரவல் ஸ்ட்ரைக்கர் சரிப்படாது.